நைனாவுக்குத் தெரிந்த ஒரே ஓட்டம்

1

ஜமுனாமரத்தூரில் விடிந்தும் விடியாமலும் ஒரு நாற்பத்தேழு வயது ஆள் அரைக்கால் சட்டையோடு சாலையில் ஓடினால் முதலில் நாய் துரத்தும், பிறகு மனிதர்கள் கேள்வி கேட்பார்கள். வந்த இந்த ஐந்து நாளில் எனக்கு இரண்டும் நடந்துவிட்டது. பால் கேனோடு எதிரே வந்தவர் வண்டியை நிறுத்தி, "இன்னாங்க, யாருக்கு இன்னா ஆச்சு? ஏறுங்க, வுட்டுட்டுப் போறேன்" என்றார். எங்கள் பக்கத்தில் குடும்பஸ்தன் ஒருவன் ஓடுகிறான் என்றால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரையோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று அர்த்தம். சும்மாதான் ஓடுகிறேன் என்று சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உதவ வந்த மனிதரை நான் கேலி செய்ததாக நினைத்திருப்பார்.

நான் ஜெர்மனியில் ஒன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இன்னும் ஐந்து வாரத்தில், நான் குடியிருக்கும் நகரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக மாரத்தான் ஓட வேண்டும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேலும் கொஞ்சம். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று லீவில் வந்த இடத்திலும் ஓடுகிறேன். ஆனால் நான் வந்தது நைனாவின் முதல் வருஷ திவசத்துக்கு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலைமேல் இருக்கும் அக்கா வீட்டில்தான் நாளை மறுநாள் படையல்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. அக்காவிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். நைனா சாகும்போது நான் பக்கத்தில் இல்லாமல் போனதற்கும், நான் வைக்க வேண்டிய கொள்ளியை அவள் வைக்க நேர்ந்ததற்கும் அந்தப் பொய்தான் காரணம். போனில் சொல்கிற விஷயமில்லை என்று ஒரு வருடத்தை ஓட்டினேன். நேரில் வந்து ஐந்து நாள் ஆகிறது, இன்னும் வாய் வரவில்லை.

2

ஓட ஆரம்பித்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. என் மகள் கயலுக்குப் பதினைந்து வயது, பள்ளியில் ஓட்டக்காரி. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதுவும் ஒற்றை வார்த்தையில். என் ஜெர்மனில் தப்பு வந்தால் மட்டும் முழு வாக்கியம் பேசித் திருத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆற்றங்கரைக்கு ஓடக் கிளம்பியபோது நானும் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். நானூறு மீட்டர் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஓடி முடித்துத் திரும்பி வந்தவள், "நாளைக்கு இன்னும் மெதுவா ஆரம்பிங்கப்பா" என்றாள். தமிழில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மறுநாளும் போனேன்.

எட்டு மாதத்தில் பதினைந்து கிலோமீட்டர் வரை வந்தேன். மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாம் என்றதும் அவள்தான். "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை" என்று என் மனைவி சிரித்தாள். சிரித்தாலும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அதே சமயத்தில், அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்கு விண்ணப்பித்திருந்தேன். மொழிப் பரீட்சை எழுதினேன். நாட்டுச் சட்டதிட்டங்களைப் பற்றிய பரீட்சையும் எழுதினேன். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கட்டுக்கட்டாகக் கொடுத்தேன். பிறகு ஒரு கடிதம் வந்தது. ஒரு சான்றிதழில் என் பெயர் முன்னாலும் அப்பா பெயர் பின்னாலும் இருக்கிறது, இன்னொன்றில் தலைகீழாக இருக்கிறது, இருவரும் ஒரே ஆள்தான் என்பதை நிரூபிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அங்கே நைனாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர். வேலையிடத்தில் எல்லாரும் என்னை "ஹெர் ஏழுமலை", அதாவது திரு. ஏழுமலை என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் முழுக்க, நைனா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

3

நைனாவுக்கு ஓட்டம் என்றால் போலீஸ் செலக்ஷன்தான். எங்கள் பக்கத்தில் வாலிபப் பையன் ஓடுவதைப் பார்த்தால் "போலீஸா, மிலிட்டரியா?" என்று கேட்பார்கள். வேறு எதற்காகவும் ஒருவன் ஓடுவான் என்று யாருக்கும் தோன்றாது.

எனக்கு இருபது வயதில், படவேட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் நைனா என்னைத் தினமும் ஓட்டினார். அவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் பின்னால் வருவார். கரும்பு லாரி வந்தால் ஹாரன் அடித்து என்னை ஓரம் கட்டுவார். வேகம் குறைந்தால் முன்சக்கரம் குதிகாலில் உரசும். வீட்டில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் பச்சை முட்டையும் எனக்கு மட்டும். அக்காவுக்கு அதில் ஒரு கடலைகூடக் கிடையாது. ஒரு ஏக்கர் கரும்பும் கொஞ்சம் நெல்லும் வைத்திருந்த மனிதர் அவர். மகன் காக்கிச் சட்டையில் வந்து நின்றால் பங்காளிகள் வரப்பை வெட்டுவதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நம்பினார். ஊர் நிலவரத்துக்கு அது தப்பான நம்பிக்கையும் இல்லை.

வேலூரில் மைதானத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடவிட்டார்கள். பதினொரு செகண்டில் தவறிப்போனேன். கடைசிச் சுற்றில் விலா பிடித்துக்கொண்டு நான் நடந்ததை நைனா வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவுக்கு வீடியோவில் போன் செய்வேன். அம்மா போனபிறகு அவர் அக்காவோடு மலைமேல் இருந்தார். மாமா சந்தைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் ஓடிவிட்டு வந்த கையோடு கூப்பிட்டேன்.

"இன்னாடா, மூச்சு வாங்குது?"

"ஓடிட்டு வர்றேன் நைனா. ஒரு ஓட்டம் இருக்குது. நாப்பத்திரண்டு கிலோமீட்டர்."

அவர் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"செலக்ஷனா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எழுத வச்சாங்க, பேச வச்சாங்க, இப்ப ஓடவுட்டுப் பாக்குறாங்களா? பாக்கட்டும். அவன் எல்லாத்தையும் சோதிச்சுதான் ஆள சேத்துக்குவான். அந்த அட்டைக்குத்தானே?"

இல்லை நைனா, இதை யார் வேண்டுமானாலும் ஓடலாம், நான் பணம் கட்டி என் சந்தோஷத்துக்கு ஓடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாக்கியம். ஆனால் அவர் கண்ணில் இருபத்தைந்து வருடமாக நான் பார்க்காத ஒன்று தெரிந்தது. எனக்கு இரண்டாவது தடவை வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் சோம்பேறித்தனமும் உண்டு, மறைப்பானேன். மாரத்தான் என்றால் என்ன என்று உட்கார்ந்து விளக்க அலுப்பாக இருந்தது.

"ஆமா நைனா, அந்த மாதிரிதான்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என் கோச் ஆகிவிட்டார். "மேட்டுல வாயில மூச்சு வுடாத, மூக்குல வுடு." "எலுமிச்சம்பழம் ஒண்ணு மடியில வச்சிக்க." "அந்த ஊர்ல கொண்டக்கடல கெடைக்குதா?" ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, பக்கத்தில் நிற்கிற அக்காவிடம், "இருவத்தி நாலு ஓடிட்டான்" என்பார். முடிக்கும்போது மட்டும் குரலை இறக்கி, "இந்த தபா வுட்றாதடா" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஓடி முடித்தபிறகு உண்மையைச் சொல்லி இருவரும் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

5

போன வருடம் இதே பருவத்தில் வீடியோ நின்றுபோனது. போன் கேமரா கெட்டுவிட்டது என்றாள் அக்கா. அடுத்த வாரம், மலையில் சிக்னல் இல்லை என்றாள். குரல் மட்டும் வந்தது. நைனா இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? எனக்கு மதி இருந்தது. நேரம்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நீண்ட ஓட்டங்கள் தொடங்கியிருந்த சமயம் அது. போன் சீக்கிரம் முடிந்தால் முழங்காலுக்கு ஐஸ் வைக்கலாம். உண்மையைச் சொன்னால் அந்தச் சுருக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது.

நைனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. முகம் வீங்கியிருந்ததால்தான் வீடியோ இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்காக மாமா அவரைக் காரில் அமிர்தி வழியாக வேலூருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். மலைச்சாலை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போவாராம். அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "அவன் ஓடி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்த போவக்கூடாது. நடுவுல வந்தான்னா செலக்ஷன் போச்சு. பொண்டாட்டி புள்ளைங்களோட நடுத்தெருவுல நிப்பான்."

மாரத்தானுக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சியிலேயே மிக நீண்ட ஓட்டம், முப்பத்திரண்டு கிலோமீட்டர், அன்று. தண்ணீர் பாட்டிலோடு கயல் சைக்கிளில் பக்கத்தில் வந்தாள். வழக்கமாகப் பேசமாட்டாள் என்றாலும் அன்று ஒரு மாதிரியாக இருந்தாள். நான் வேகமாகப் போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. இருபத்தேழாவது கிலோமீட்டரில் பாட்டிலுக்குக் கை நீட்டியபோது அவள் சைக்கிளை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, நில்லுங்க. நான் சொல்லக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. என்னால முடியல."

அக்கா மகளும் இவளும் போனில் எழுதிக்கொள்வார்கள். அதில் தெரிந்திருக்கிறது. நைனா செத்து நாலு நாள் ஆகியிருந்தது. எரித்தும் ஆகியிருந்தது. ஓட்டம் முடிந்த அன்றுதான் எனக்குச் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் கருமாதியும் முடிந்திருக்கும்.

கயல் அழுதாள். நான் உடனே அழவில்லை. மரத்துப்போன காலோடு நின்றுகொண்டு, அந்த நாலு நாளில் நான் என்னென்ன செய்தேன் என்று எண்ணினேன். செவ்வாய்க்கிழமை புது ஷூ வாங்கியிருந்தேன்.

6

என் பழைய அட்டை காலாவதியாகியிருந்தது. கையிலிருந்த தற்காலிகத் தாளோடு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது, தனி அனுமதி வேண்டும். அலுவலகத்தில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. மூன்றாவது நாள் ஒரு அம்மாள் என் தாள்களை வாங்கிப் பார்த்தார். தந்தை என்று இறந்தார் என்று கேட்டார். ஏழு நாளுக்கு முன்னால் என்றேன். ஏழு நாள் கழித்துத்தான் அவசரம் வந்ததா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. வீட்டார் என்னிடம் மறைத்தார்கள், ஏனென்றால் இந்த அலுவலகம் எனக்கு ஓட்டப் பரீட்சை வைப்பதாக நம்பினார்கள் என்பதை எந்த மொழியில் சொல்வது? "தொலைவு" என்று மட்டும் சொன்னேன். இறப்புச் சான்றிதழ் கேட்டார். மாமா அலைந்து வாங்கி அனுப்பி, அதை மொழிபெயர்த்துக் கொடுக்க இன்னும் ஐந்து நாள் போனது. கடைசியில் முத்திரை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, பழக்கதோஷத்தில் "போய்ட்டு வர்றேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டேன். மறுபடி வரத் தேவையில்லை, எல்லாம் முடிந்தது என்றார் அந்த அம்மாள்.

கருமாதிக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தேன். எரித்த இடத்தில் சாம்பலைக்கூட அள்ளிவிட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்பதை மாமாதான் சொன்னார். உடலைக் கீழே எங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மகன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டு ஆண் கொள்ளி வைப்பதுதான் வழக்கம். நைனா விடவில்லை. "அவன் வரல, நீ வையி. வரப்ப வெட்டுனவன் கையால எனக்கு நெருப்பு வேணாம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டு வழியில் பாதி தூரத்தோடு திரும்பிவிடுவார்கள். அக்கா திரும்பவில்லை. நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள். வரப்பை வெட்டிய சித்தப்பாவும் அவர் மகன்களும் சுடுகாட்டிலிருந்து அப்படியே எழுந்து போய்விட்டார்கள். "பொம்பள கொள்ளி வச்ச வூட்ல எங்களுக்கு இன்னா வேல?" என்றார்களாம். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலைப் பங்காளிகள் யாரும் மிதிக்கவில்லை.

அக்கா எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். தம்பிக்கு அங்கே செலக்ஷன், அவன் பிள்ளைகளின் எதிர்காலம், அதற்காகத்தான் நைனா அப்படிச் செய்யச் சொன்னார். கருமாதியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த என்னிடம், செலக்ஷன் என்ன ஆயிற்று என்று நாலைந்து பேர் கேட்டார்கள். தள்ளி வைத்துவிட்டார்கள், அடுத்த வருடம் என்றேன். மாரத்தானைப் பொறுத்தவரை அது உண்மைதான், பெயரை அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அட்டை நாலு மாதம் கழித்துச் சாதாரணத் தபாலில் வந்தது. அதை நான் அக்கா வீட்டில் சொல்லவே இல்லை.

7

நேற்று சொல்லிவிட்டேன்.

அக்கா மத்தியானக் குழம்புக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா கடையில் இருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அது செலக்ஷன் இல்லை. அட்டைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை, அது தபாலிலேயே வந்துவிட்டது. நடுவில் வந்திருந்தாலும் எனக்கு எதுவும் போயிருக்காது. நைனா கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இருந்த இரண்டு காயையும் நறுக்கி முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

"கடைசி ரெண்டு நாளு அவரு உன்ன கேக்கவே இல்ல, தெரியுமா?" என்றாள். "பேரச் சொன்னா நான் போன் பண்ணிடுவேன்னு வாய மூடிக்கினு இருந்தாரு. தண்ணிதான் கேட்டாரு."

வாழைக்காய்த் தோலைக் கூட்டி ஒதுக்கினாள்.

"நெருப்புச் சட்டிய தூக்கிக்கினு போறப்ப பாதி வழியில திரும்பிடலாமான்னு இருந்துச்சு. எந்தம்பி பேப்பருக்குத்தான், எந்தம்பி பேப்பருக்குத்தான்னு சொல்லிக்கினே போனேன். இந்த ஒரு வருசமா, கேக்கறவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொன்னேன். எனக்கும் அதான் தெம்பு." கையைப் புடவையில் துடைத்தாள். "எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். என் பாரத்தை இறக்கி வைக்க அவள் தலைதானா கிடைத்தது என்று அப்போதுதான் உறைத்தது.

இன்று படையல். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் சித்தப்பா கீழேயிருந்து பஸ் பிடித்து வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று நைனாவின் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கண்ணன் வாய மூடிக்கினு செத்தானே, அந்த செலக்ஷன் இன்னா ஆச்சுடா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கே இப்போதும் தெரியவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து சாம்பார் வாளியோடு அக்கா வந்தாள்.

"பாஸாயிட்டான் சித்தப்பா. ஓடி முடிச்சு அட்டையும் குடுத்துட்டாங்க. புள்ளைங்களுக்கும் சேத்து."

சித்தப்பா அவளையே பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அண்ணன் செஞ்சதுல ஒரு ஞாயம் இருக்குது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "எலய போடும்மா."

அக்கா பரிமாறினாள். சித்தப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போனபிறகு அவள் எச்சில் இலைகளை எடுத்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள், அதுவும் இலையைப் பார்த்துக்கொண்டே.

"இனிமே யாரு கேட்டாலும் இதான். மாத்திப் பேசாத."

"சரிக்கா" என்றேன்.